“பின்தொடராதே” என்றால் கேட்பார்களா?

“எந்த ஆத்துக்கு வந்திருக்கேள்?”

கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் வெளியூர்க்காரர் ஒருவர் காலடி எடுத்து வைத்தால், ஏதாவது ஒரு திண்ணையிலிருந்து இந்தக் கேள்வி வருவது வழக்கம். ஒரு வீட்டுச் சுவரையே அடுத்த வீட்டுக்கும் சுவராக வைத்து வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகள் அவை. ஒவ்வொன்றின் முன்னும் திண்ணை. யார் வந்தார், யார் போனார், எந்த வீட்டில் விருந்தாளி என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். தஞ்சைச் சீமையிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறியவர்கள், ஊரோடு சேர்த்து இந்தப் பழக்கத்தையும் கொண்டு வந்துவிட்டார்கள் போலும்!

இதில் யாருக்கும் பெரிய வருத்தம் கிடையாது. காரணம், திண்ணையில் இருப்பவர் நம்மைப் பார்க்கிறார் என்றால் நாமும் அவரைப் பார்க்கிறோம். அவர் கேட்டால் பதில் சொல்லலாம். சிரித்துவிட்டு நடையைக் கட்டலாம். அவர் நாலு பேரிடம் சொன்னாலும் அது அந்தத் தெருவோடு நின்றுவிடும்.

இன்றைக்கு வேறொரு திண்ணை வந்திருக்கிறது. அது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பார்ப்பவர் யார் என்று தெரியாது. அவர் கேள்வி கேட்பதில்லை. பார்த்ததை மறப்பதும் இல்லை. யாருக்குச் சொன்னார் என்பதும் தெரியாது. அதுதான் செல்போன்.

கடன் தேடியவரைத் தேடி வந்த கடன்

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றில் குமாஸ்தா வேலை பார்க்கும் ஒரு தமிழரை எடுத்துக்கொள்வோம். ஊரில் தங்கை திருமணம். கையில் பணம் போதவில்லை. இரவு படுக்கையில் செல்போனை எடுத்து, “உடனடிக் கடன்” என்று தேடிப் பார்க்கிறார். இரண்டு, மூன்று பக்கங்களைப் படிக்கிறார். வட்டி ஒத்துவரவில்லை. விட்டுவிடுகிறார்.

மறுநாள் காலையில் செய்தி படிக்கப் போகிறார். நடுவில் கடன் விளம்பரம். சமையல் வீடியோவுக்கு முன் கடன் விளம்பரம். ஒலவக்கோட்டிலிருந்து கோவைக்கு ரெயில் எத்தனை மணிக்கு என்று பார்க்கப் போனால் அங்கேயும் கடன் விளம்பரம். மனைவியிடம்கூடச் சொல்லாத விஷயம் ஊருக்கெல்லாம் எப்படித் தெரிந்தது?

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது புதிய கதை அல்ல. பிள்ளையின் படிப்பு, வயிற்றுவலிக்கு மருந்து, பழைய நகைக்கு என்ன விலை என்று எதைத் தேடினாலும், அது விளம்பரமாகத் திரும்பி வருகிறது.

ஒரே ஆள், எல்லாக் கடையிலும்

இதன் சூட்சுமம் மிகவும் எளிதானது. மளிகைக் கடைக்காரர் பற்று வரவு நோட்டு வைத்திருக்கிறார். அதில் நம் கணக்கு இருக்கிறது. அது தவறில்லை. ஆனால் மளிகைக் கடை, மருந்துக் கடை, அடகுக் கடை, டாக்டர் வீட்டு வாசல், ரெயில்வே ஸ்டேஷன் ஆகிய எல்லா இடத்திலும் ஒரே ஆள் நின்றுகொண்டு, ஒரே நோட்டில் நம் நடமாட்டத்தை எழுதினால் எப்படி இருக்கும்?

அதுதான் நடக்கிறது. செல்போனில் ஒரு பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கத்துக்காரர் மட்டும் வருவதில்லை. அவர் தம் பக்கத்தில் இடம் கொடுத்திருக்கும் விளம்பரக் கம்பெனிகளும் கூடவே வருகின்றன. அவை ஒவ்வொன்றும் “குக்கி” எனப்படும் சிறு அடையாளச் சீட்டை நம் பிரவுசரில் போட்டு வைக்கின்றன. அதில் ஓர் எண் இருக்கும். அடுத்த பக்கத்துக்கு நாம் போகும்போது, அங்கேயும் அதே கம்பெனி இருந்தால், “ஓ, இவரா!” என்று அந்த எண்ணை வைத்துக் கண்டுகொள்ளும்.

பக்கம் திறக்கும் அந்தக் கணத்திலேயே ஏலம் ஒன்றும் நடந்து முடிகிறது. “இன்ன வயது இருக்கலாம், இன்ன ஊர், கடன் தேடியவர், இவர் கண்ணில் விளம்பரம் காட்ட யார் எவ்வளவு தருகிறீர்கள்?” என்று இயந்திரங்கள் ஏலம் கூறுகின்றன. கண் மூடித் திறப்பதற்குள் ஏலம் முடிந்து, விளம்பரம் வந்து நிற்கிறது.

குக்கியைக் கண்டுபிடித்தவரின் நோக்கம் இது அல்ல. 1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மொண்டுல்லி என்ற இளைஞர் இதை உருவாக்கினார். ஒருவர் வாங்க நினைத்த பொருளை, பக்கம் மாறினாலும் கடை மறக்காமல் இருக்க வேண்டும் என்பதே அதன் பயன். வாசலில் வைத்த விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வேவு பார்க்கப் போனவர்கள் பின்னால் வந்த விளம்பரக் கம்பெனிகள்.

ஒரு வேண்டுகோள் பிறந்தது

இதற்கு மாற்று என்ன என்று யோசித்தவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு முன்மாதிரி இருந்தது. வீட்டுக்கு விளம்பர டெலிபோன் வரக் கூடாது என்று விரும்புவோர் தங்கள் எண்ணைப் பதிவு செய்துகொள்ளும் பட்டியல் 2003இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலும் 2007 முதல் இப்படி ஒரு பட்டியல் உண்டு. இன்று 1909 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து நாம் பதிவு செய்வது அந்த வழியில் வந்ததே.

அதைப் போலவே இணையத்திலும் ஒரு ஏற்பாடு செய்தால் என்ன என்ற யோசனை 2009இல் எழுந்தது. “டூ நாட் டிராக்”, அதாவது “பின்தொடராதே” என்பது அதன் பெயர். பிரவுசரில் ஒரு கட்டத்தில் டிக் செய்தால் போதும். போகும் இடமெல்லாம் பிரவுசரே, “இவரைப் பின்தொடர வேண்டாம்” என்று சொல்லிவிடும். 2010 டிசம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் இந்த யோசனைக்கு ஆதரவு தெரிவித்தது. 2011இல் பயர்பாக்ஸ் பிரவுசர் முதலில் இதைச் சேர்த்தது. மற்றவை பின்தொடர்ந்தன. 2012 பிப்ரவரியில் விளம்பரத் தொழிலின் கூட்டமைப்பே வெள்ளை மாளிகை நிகழ்ச்சியில் இதை மதிப்பதாக ஒப்புக்கொண்டது.

எல்லாம் நல்லபடியாக முடியும் என்றுதான் தோன்றியது. அப்போதுதான் சிக்கல் வந்தது.

முட்டுக்கட்டை

2012 மே மாதம் மைக்ரோசாப்ட் கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. தன் புதிய பிரவுசரான இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 10இல் “பின்தொடராதே” என்ற கட்டம் தொடக்கத்திலேயே டிக் செய்யப்பட்டிருக்கும் என்றது. விளம்பரக் கம்பெனிகள் கொதித்தெழுந்தன. “ஆயிரத்தில் ஒருவர் கேட்டால் மதிக்கலாம், எல்லோரும் கேட்டால் எப்படி?” என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம். “பயனாளி தாமே தேர்ந்தெடுக்கவில்லை, கம்பெனி தேர்ந்தெடுத்திருக்கிறது, எனவே இது செல்லாது” என்று காரணம் சொன்னார்கள். அந்தப் பிரவுசரிலிருந்து வரும் வேண்டுகோளை மதிக்க வேண்டியதில்லை என்று அவர்கள் கூட்டமைப்பு அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தது.

இணையத்தின் தர விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதற்கென ஒரு குழு அமைத்திருந்தது. “பின்தொடர்தல்” என்ற ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதிலேயே அங்கே சண்டை. 2013 செப்டம்பரில் விளம்பரக் கூட்டமைப்பு குழுவிலிருந்து வெளியேறியது. 2014இல் யாகூ, இந்த வேண்டுகோளை இனி மதிப்பதில்லை என்றது. 2015இல் மைக்ரோசாப்டும் டிக்கை எடுத்துவிட்டது. 2019 ஜனவரியில் குழுவே கலைந்தது.

அதே 2019இல் ஆப்பிள் தன் சபாரி பிரவுசரிலிருந்து இந்தக் கட்டத்தை நீக்கியது. அதற்கு அது சொன்ன காரணம் வேடிக்கையானது, வேதனையானதும்கூட. “பின்தொடராதே” என்ற அந்த டிக்கே ஒருவரை அடையாளம் கண்டு பின்தொடர உதவும் தடயமாகிவிடலாம் என்பதுதான் அது! திருடனிடம் “எங்கள் வீட்டுக்கு வராதே” என்று விலாசம் எழுதிக் கொடுத்த கதைதான். முதலில் சேர்த்த பயர்பாக்ஸும் 2025 பிப்ரவரியில் இந்தக் கட்டத்தை எடுத்துவிட்டது.

டெலிபோன் பட்டியல் பிழைத்து நிற்கிறது. இணைய வேண்டுகோள் செத்துவிட்டது. என்ன வித்தியாசம்? டெலிபோன் பட்டியலுக்குப் பின்னால் சட்டமும் தண்டனையும் இருந்தன. இணைய வேண்டுகோளுக்குப் பின்னால் நல்லெண்ணம் மட்டுமே இருந்தது.

விளம்பரக்காரர் வாதம்

விளம்பரத் தொழில் சொல்வதையும் கேட்க வேண்டும். “செய்தி, பாட்டு, வரைபடம், கடிதப் போக்குவரத்து எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன. அந்தச் செலவை விளம்பரம்தான் தாங்குகிறது. யாருக்குக் காட்டுகிறோம் என்று தெரியாவிட்டால் விளம்பரத்துக்கு மதிப்பில்லை. சிறு கடைக்காரர்தான் முதலில் அடிபடுவார்” என்கிறார்கள். பத்திரிகைகளும் விளம்பரத்தால் வாழ்பவை என்பதால், இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் பத்திரிகையில் வரும் ஜவுளிக்கடை விளம்பரம், படித்தவர் யார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. வழக்கு விளம்பரத்தின் மீது அல்ல. வேவு பார்ப்பதன் மீதுதான்.

கேட்டுவிட்டுப் பின்தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐபோனில் ஒரு விதி கொண்டு வந்தது. எந்தச் செயலியும் மற்ற கம்பெனிகளின் செயலிகளிலும் பக்கங்களிலும் ஒருவரைப் பின்தொடர வேண்டுமானால், முதலில் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அது வருவதற்கு முன்பே, 2020 டிசம்பரில், பேஸ்புக் அமெரிக்காவின் பெரிய பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து எதிர்த்தது. விதி வந்தபின் 2022இல் மட்டும் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று அந்தக் கம்பெனியே கணக்குச் சொன்னது. கேட்டால் மக்கள் “வேண்டாம்” என்பார்கள் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது எனலாம்.

ஆப்பிளும் தர்மகர்த்தா அல்ல. இந்த விதியை அமல்படுத்திய முறை மற்றவர்களுக்குப் பாதகமானது என்று பிரான்சின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் அதற்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்தது.

இரண்டு தமிழர், இரண்டு பிரவுசர்

உலகில் மிக அதிகம் பேர் பயன்படுத்துவது கூகிளின் குரோம் பிரவுசர். 2008இல் அது வெளிவந்தபோது அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. 2015 முதல் கூகிளின் தலைமை அதிகாரி. பிற கம்பெனிகளின் குக்கிகளை இரண்டு ஆண்டில் குரோமிலிருந்து ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் கூகிள் அறிவித்தது. தவணை மேல் தவணை போனது. 2024 ஜூலையில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. கூகிளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருவது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் சபாரி 2020 மார்ச்சிலேயே இந்தக் குக்கிகளை அடியோடு தடுத்துவிட்டது. பயர்பாக்ஸ் 2019 முதலே தெரிந்த பின்தொடர்வோரைத் தடுத்து வருகிறது.

இன்னொரு பிரவுசர் 2023இல் வந்தது. அதன் பெயரே தமிழ்: “உலா”. ஸ்ரீதர் வேம்பு ஸ்தாபகர்களில் ஒருவராக இருந்து வளர்த்த, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ கம்பெனியின் தயாரிப்பு. விளம்பரங்களையும் பின்தொடர்வோரையும் தடுக்கும் வசதி அதிலேயே உண்டு. 2025இல் மத்திய அரசு நடத்திய இந்தியப் பிரவுசர் போட்டியில் அது முதல் பரிசு பெற்றது. மென்பொருளை விற்று வாழும் கம்பெனிக்கு விளம்பர ஏலம் தேவைப்படவில்லை. எந்தப் பிரவுசரின் குணத்தையும் அறிய, அதன் முதலாளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனிமனிதரின் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24ந் தேதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

கேரளத்தில் இந்தப் பிரச்சினை ஐகோர்ட்டு வரை போனதும் உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனா விவரங்களைத் தொகுக்க அமெரிக்கக் கம்பெனியான ஸ்பிரிங்ளரை மாநில அரசு அமர்த்தியது. அந்த மாதம் 24ந் தேதி கேரள ஐகோர்ட்டு இடைக்கால உத்தரவு ஒன்று பிறப்பித்தது. மக்கள் யார் என்று அடையாளம் தெரியாதபடி செய்த பிறகே விவரங்களை அந்தக் கம்பெனி பார்க்க வேண்டும். இனி விவரம் சேகரிக்கும்போது, வெளிக் கம்பெனி ஒன்று பார்க்கக்கூடும் என்று மக்களிடம் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்பவை அதன் முக்கிய அம்சங்கள்.

வாட்ஸ்அப் விவகாரம் இன்னொன்று. 2021இல் அது கொண்டு வந்த புதிய நிபந்தனைகளை ஏற்காமல் இருக்க வழி வைக்கவில்லை என்பதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா கம்பெனிக்கு 213 கோடியே 14 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அப்பீலில், ஓராண்டு கழித்து, தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் விளம்பரத்துக்காக விவரங்களைப் பகிர ஆணையம் போட்ட 5 ஆண்டுத் தடையை நீக்கிவிட்டது.

பார்லிமெண்ட் 2023 ஆகஸ்டில் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பர் நடுவில் வெளியாயின. கம்பெனிகள் செய்ய வேண்டிய முக்கியக் கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதாவது 2027 மே வரை. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 18 வயது நிறையாத பிள்ளைகளைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறி வைத்து விளம்பரம் செய்வதும், விலக்கு அளிக்கப்பட்ட சில இனங்கள் தவிர, கூடாது.

கேரளத்தில் வாழும் தமிழர்கள் அறிய வேண்டிய அம்சம் ஒன்று இதில் உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமல்ல, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் பெற வழி செய்யப்பட்டிருக்கிறது. அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. வாழும் மாநிலம் எதுவாயினும், “தமிழில் சொல், பிறகு சம்மதம் கேள்” என்று கேட்கலாம்.

கடன் செயலிகளைப் பற்றி ரிசர்வ் பாங்க் 2022 செப்டம்பரிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. செல்போனில் உள்ள பெயர்ப் பட்டியல், படங்கள், யாருடன் பேசினோம் என்ற விவரம் ஆகியவற்றை அவை தொடக் கூடாது. அப்படிக் கேட்கும் கடன் செயலியை உடனே நீக்குவதே நல்லது. தவணை தவறினால் பெயர்ப் பட்டியலில் உள்ள உறவினருக்கெல்லாம் டெலிபோன் போட்டு மானத்தை வாங்குவதற்குத்தான் அந்தப் பட்டியல் பயன்படுகிறது.

ஐந்து நிமிட வேலை

சட்டம் முழுமையாக வரும் வரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. குரோமில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, அமைப்புகளில் “மூன்றாம் தரப்புக் குக்கி” என்ற இடத்துக்குப் போய், தடுக்கும்படி மாற்றலாம். ஆண்ட்ராய்டு செல்போனின் அமைப்புகளில், கூகிள் பிரிவில், விளம்பரங்கள் என்ற இடத்தில் “விளம்பர ஐ.டி.யை நீக்கு” என்று இருக்கும். அதைத் தொட்டால், செயலிகள் ஒருவரைத் தொடரப் பயன்படுத்தும் எண் அழிந்துவிடும். ஐபோனில் “டிராக்கிங்” என்ற இடத்தில் அனுமதி கேட்பதையே நிறுத்திவிடலாம். டார்ச் விளக்குச் செயலிக்கு இருப்பிடமும் பெயர்ப் பட்டியலும் எதற்கு? தேவையில்லாத அனுமதிகளை ஒவ்வொன்றாக ரத்து செய்யலாம்.

“இன்காக்னிட்டோ” என்ற ரகசியப் பக்கத்தை நம்பி ஏமாறவும் கூடாது. அது இதே செல்போனை எடுத்துப் பார்க்கும் வீட்டாருக்குத்தான் மறைக்கும். அந்தப் பக்கத்திலும் விவரம் சேகரித்ததாக 2020இல் தொடரப்பட்ட வழக்கை முடிக்க, கோடிக்கணக்கான பதிவுகளை அழிப்பதாக கூகிள் 2024இல் அமெரிக்கக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது.

தேர் நகர வேண்டுமானால்...

செத்த வேண்டுகோளுக்கு இப்போது மறுபிறவி கிடைத்திருக்கிறது. கலிபோர்னியாவில், “என் விவரத்தை விற்காதே” என்று பிரவுசர் சொன்னால் அதைக் கம்பெனிகள் மதித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். மதிக்காதது உள்ளிட்ட குற்றங்களுக்காக ஸெபோரா என்ற அழகுப் பொருள் கம்பெனி 2022இல் 12 லட்சம் டாலர் கட்டியது. 2027 ஜனவரி முதல் பிரவுசர்கள் இந்த வசதியைக் கட்டாயம் தர வேண்டும் என்றும் அங்கே 2025 அக்டோபரில் சட்டம் வந்துவிட்டது. அதே கட்டம், அதே டிக். பின்னால் சட்டம் நிற்பது மட்டுமே வித்தியாசம். இந்தியச் சட்டத்தில் பிரவுசருக்கு இப்படி ஒரு கட்டாயம் இல்லை. கேட்டுப் பெற வேண்டியது அதுதான்.

ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தி விசுவநாதர் கோவில் தேரைப் பார்க்க ஊரே கூடுகிறது. முன்னால் ஆயிரம் பேர் வடம் பிடிப்பார்கள். அது மட்டும் போதாது. பின்னால் யானை வந்து தள்ளும். அப்போதுதான் தேர் அசையும். “பின்தொடராதே” என்ற வேண்டுகோள் பல ஆண்டுகள் வடத்தை மட்டும் நம்பி இழுத்துப் பார்த்தது. சக்கரத்தின் கீழ் விளம்பரத் தொழில் போட்ட முட்டுக்கட்டையை அதனால் தாண்ட முடியவில்லை. யானை வர 2027 வரை ஆகும். அதுவரை அவரவர் கை அவரவர் வடத்தில் இருக்கட்டும்.